ஏலத்தில் மீட்காத பிள்ளை

நன்னிலம் பக்கத்தில் ஓர் அந்தோணியார் கோயிலில், திருவிழாவன்று பிள்ளைகளை ஏலம் விடுவார்கள். பதற வேண்டாம். நேர்ந்து பெற்ற குழந்தையைப் பீடத்தடியில் கிடத்தி, 'இது சாமி பிள்ளை' என்று ஒப்புக்கொடுப்பார்கள். பிறகு பெற்றவர்களே ஏலம் கேட்டுத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். காசு கோயிலுக்கு, பிள்ளை வீட்டுக்கு.

சூசையம்மாள் மட்டும் கேட்கவில்லை. பிறந்ததையெல்லாம் பறிகொடுத்த பிறகு தங்கியவன் செல்லதுரை. "குடுத்தது குடுத்ததுதான். வளக்குற வேல மட்டும் எனக்கு" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டிவிட்டாள். அவன் சாமியாராகத்தான் போவான் என்று, அவனைத் தவிர ஊரே முடிவு செய்துவிட்டது.

போனான். குருமடத்தில் பிரசங்கம் பழக நாலு பேர் முன்னால் நின்றாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பெட்டியோடு திரும்பி வந்தவனை ஊர் சும்மா விடுமா? "சாமியாரே, பூசை எப்ப?" என்று டீக்கடையில் கேட்டே கொன்றார்கள். பிறகு ஆற்று மதகில் லஸ்கர் வேலை கிடைத்தது. முறைப்படி தண்ணீரைத் திறப்பதும் அடைப்பதும் அவன் பொறுப்பு. பெண் கேட்டுப் போனால் மட்டும், "சாமிக்குக் குடுத்த பையனாச்சே" என்று நழுவினார்கள்.

நாற்பதைத் தாண்டியும் மகன் தனியாக நிற்பது சூசையம்மாளை அரித்தது. தன் வைராக்கியம்தான் அவனைக் கெடுத்தது என்று அழுவாள்.

செல்லதுரை தாயிடம்கூடச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. போன சம்பாவில் தண்ணீர் பற்றாக்குறை. கடைமடையில் நட்ட பயிர் காய்ந்துகொண்டிருக்க, மேல்மடைக்காரர்கள் மண்வெட்டியோடு வந்து ஷட்டரை இறக்கச் சொன்னார்கள். செல்லதுரைக்குப் பயம்தான். ஆனாலும் ஷட்டர் சக்கரத்தை விடவில்லை. "அவங்க முறை முடியட்டுங்க" என்றான். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார்கள். கடைமடைக்குத் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. 'இங்கதான் என்னை நிக்கச் சொன்னீங்களா ஆண்டவரே?' என்று அன்றைக்கு மனசுக்குள் கேட்டான். கேட்டதும் பயம் விட்டுப்போயிற்று.

இந்தத் திருவிழாவுக்குச் சூசையம்மாள் பிடிவாதமாகச் சொன்னாள்.

"நான் கண்ண மூடறதுக்குள்ள ஒன்ன மீட்டுடறேன்டா. அப்பறம் நீ சாதா மனுசன். ஒரு குடும்பம்னு இருப்ப."

தாயின் மனம் ஆறட்டும் என்று ஒப்புக்கொண்டான். பால்குடிப் பிள்ளைகளின் நடுவே, நரைத்த மீசையோடு பீடத்தடியில் முழந்தாளிட்டான். கூட்டம் சிரித்தது. ஏலம் விடும் கோயில்பிள்ளைக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

சூசையம்மாள் சுருக்குப்பையை அவிழ்த்து, இருந்ததை எல்லாம் வைத்து ஏலம் கேட்டாள்.

"ஒரு தரம்!" என்றார் கோயில்பிள்ளை.

நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தான் செல்லதுரை. ஆனால் பிறந்து வளர்ந்த வீட்டிலிருந்து யாரோ வெளியே தள்ளுவது போல இருந்தது.

"ரெண்டு தரம்!"

"வேணாம்மா." அத்தனை கூட்டத்துக்கு முன்னால் அவன் எழுந்து நின்றான். "என்னய வாங்காத."

சூசையம்மாள் சுருக்குப்பையோடு அவன் அருகில் வந்தாள்.

"நான் ஒன்ன வீணாக்கிட்டேனேடா!"

"இல்லம்மா. நான் சாமியோட ஆளுங்கிற தைரியத்துலதாம்மா மதகுல நிக்கிறேன். அத எடுத்துடாத."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு எல்லோரும் பார்க்க, ஏலம் கேட்டதை வாபஸ் வாங்கினாள்.