எண்ணூறு வருடத் தேவாலயமும் என் வயிற்றெரிச்சலும்

கடந்த மே மாதம் நான் இங்கிலாந்து போனதற்குக் காரணம் பக்தியல்ல, பொறாமை. யாழ்ப்பாணத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த மலர், இப்போது சஃபோக்கில் ஒரு சிற்றூரில் இருக்கிறாள். அங்குள்ள எண்ணூறு வருடத் தேவாலயத்தைச் சுற்றிக் காட்டுவது அவள் சம்பளமில்லாமல் செய்யும் வேலை. இத்தனைக்கும் சைவக்காரி! நானோ கட்டட வரைபடம் படித்துவிட்டு, கனடாவின் ஸ்காபரோவில் இருபது வருடமாக வீடுகளுக்கு அடியில் வரும் பேஸ்மென்ற் அறைகளை வரைகிறேன். ஐம்பது வருடக் கட்டடத்தையே பழசென்று இடிக்கிற ஊர் இது. அவள் படம் அனுப்பும் போதெல்லாம் வயிறு எரியும்.

ரொறன்ரோவிலிருந்து லண்டனுக்கு விமானத்தில் ஏழு மணி நேரம். அங்கிருந்து இப்ஸ்விச்சுக்கு ரயிலில் ஒன்றேகால் மணி. பிறகு பதினான்கு மைல், மலரின் காரில்.

மறுநாள் காலை பத்தரைக்குத் தேவாலயத்தின் உள்ளே போனோம். வடக்குப் பக்கம் தடித்த உருண்டைத் தூண்கள், அரைவட்ட வளைவுகள். தெற்கில் மெலிந்த எண்கோணத் தூண்கள், நுனி கூரான வளைவுகள். கூரையில் சிறகு விரித்த மரத் தேவதூதர்கள். உருவங்களை வெறுத்தவர்கள் ஒரு காலத்தில் அவற்றின் முகங்களைச் சீவிவிட்டார்கள். அண்ணாந்து பார்த்தபடியே நின்றேன். இதை இவள் வாரத்தில் மூன்று நாள் பார்க்கிறாளே!

அப்போது நான்கு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே காலத்தில் கட்டியவை என்று மலர் அவர்களுக்கு விளக்கினாள். எனக்கு வாய் நிற்கவில்லை. "இல்லை, தெற்குப் பக்கம் பிந்தியது. வளைவைப் பாருங்கள்" என்று ஆங்கிலத்தில் குறுக்கிட்டேன். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பதினைந்து நிமிடம் பேசினேன். உண்மையைச் சொன்னால், இனித்தது. மலர் ஒரு மூலையில் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது காரில் நானே கேட்டேன்.

"ஏன் மலர், ஒண்டும் கதைக்கிறாயில்லை?"

"நீ சொன்னது சரிதான். ஆனா அவையளுக்கு முன்னால சொல்லோணுமே? நீ வாறாய் எண்டு ரெண்டு மாசமா இருந்து படிச்சனான்."

ஒளிக்காமல் சொன்னேன். "எனக்கு உன்னில பொறாமை. அதுதான் அப்பிடிச் செய்தனான்."

அவள் காரை ஓரமாக நிறுத்தினாள். "உனக்கு என்னிலயோ? வளைவைப் பாத்த உடன எது முந்தினது எண்டு சொல்லுறாய். அந்தப் படிப்பு எனக்குக் கிடைக்கேல்லையே எண்டு நான் எவ்வளவு எரிஞ்சிருப்பன், தெரியுமே?"

இருவரும் சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த நாள் காலை சேர்ந்தே போனோம். வளைவுகளின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நான் காட்டினேன். கல் கொத்தியவர்கள் கதவருகே வெட்டி வைத்த சிறு அடையாளங்களை அவள் காட்டினாள். அவற்றை நான் முதல் நாள் கவனிக்கவே இல்லை. பன்னிரண்டு மணிக்கு ஒரு குடும்பம் வந்தது. மலர் தெற்குப் பக்கத்தைச் சரியாகவே விளக்கினாள். "இது என்ர சிநேகிதி சொல்லித் தந்தது" என்பதையும் ஆங்கிலத்தில் சேர்த்தாள். அவர்கள் என்னைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாகிவிட்டது.

போக நினைப்பவர்களுக்கு: காலையில் போங்கள், வெளிச்சம் நல்லது. கூரையைப் பார்க்க பைனாகுலர் வேண்டும். மே மாதத்திலும் உள்ளே குளிரும். நுழைவு இலவசம், நாங்கள் உண்டியலில் ஐந்து பவுண் போட்டோம். சுற்றிக் காட்டுபவர் உங்கள் சிநேகிதியாக இருந்து பிழை விட்டால், வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கும்போது சொல்லுங்கள்.