இரண்டாவது டேங்க்

மரவள்ளி பிடுங்கும் வேலை முடிந்துவிட்டதென்று தோட்டக்காரர் சொன்னதும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். சோளக்காடு என்ற மலையூரில் டீ குடிக்க நின்றபோதுதான் அந்தப் பிக்கப் ஓட்டுநரைப் பார்த்தேன். ஒடுங்கிய முகம், எப்போதோ உடைந்து கோணலாகக் கூடிய மணிக்கட்டு. அவர் டீயைக் குடித்து முடிக்கும்வரை வண்டியின் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. கேபினுக்குப் பின்னால், மூட்டை வைக்கும் இடத்தை அடைத்துக்கொண்டு, இன்னொரு டீசல் டேங்கை வெல்டிங் செய்து பொருத்தியிருந்தார்.

“ஏனுங்க, டீசல் உங்க தோட்டத்துக் கெணத்துல ஊறுதுங்களா?” என்று பலாப்பழ வியாபாரி ஒருவர் சிரித்தார்.

வியாபாரி போனபின், எதற்கு இரண்டாவது டேங்க் என்று நான் கேட்டேன்.

“ஒருக்கா டீசல் கம்மியா இருந்துச்சுங்க. மிச்சம் புடிக்கலாம்னு எறக்கத்துல எஞ்சினை ஆஃப் பண்ணி உட்டேன். இங்க எல்லாரும் பண்றதுதான். எஞ்சின் ஓடாததால வளைவுல பிரேக்கு மிதி கல்லாட்டம் எறுகிக்கிச்சு, மிதிச்சும் புடிக்கவே இல்லீங்க. எம் பொண்டாட்டி பின்னால மூட்டை மேல உக்காந்திருந்தா. நான் மட்டும் பொழச்சேன். இப்ப ரெண்டு டேங்கும் ரொம்பிக் கெடந்தா மிச்சம் புடிக்கிற நெனப்பே வராதுங்க.”

“இங்க சமமாத்தானே இருக்கு. ஆஃப் பண்ணா என்ன?”

“கை பழகிருமுங்க.”

லோடு ஏற்ற ஆள் வேண்டும் என்றார். மறுநாள் காலை வேலைக்குச் சேர்ந்தேன். மூட்டைகளை அடுக்கிவிட்டு, லோடு ஆட்களின் வழக்கப்படி அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். அவர் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, நான் இறங்கி வந்து உள்ளே உட்காரும்வரை அப்படியே நின்றார்.