அழித்த பதினொரு வரிகள்

என் அக்கா மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடும் ரகம். இருபது வருடமாக ஆஸ்பத்திரியில் நர்ஸ். சலைன் சொட்டு நின்றுபோனதை வார்டில் யாரும் கவனிக்காமல் விடுவது பொறுக்காமல், விடுமுறை நாட்களில் கம்ப்யூட்டர் படித்து, சொட்டுகளை எண்ணி மணியடிக்கும் ஒரு புரோகிராம் எழுதினாள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். கருவியில் வைத்து விற்றால் மட்டும், எழுதியவர்கள் பெயரையும் நிபந்தனையையும் அழிக்கக்கூடாது. வாங்கியவர் கேட்டால் மூலநிரலை, அதாவது எழுதியது எழுதியபடி முழுவதையும், கொடுத்தாக வேண்டும். முகம் தெரியாத நாற்பது பேர் அதைத் திருத்தி வளர்த்தார்கள்.

போன வருடம் வார்டுக்குப் புதுக் கருவி வந்தது. அது தொடங்க அரை நிமிடம் ஆகும். அப்போது திரையில், “அதுக்குள்ள ஒரு வாய் தண்ணி குடிங்க சிஸ்டர்” என்று வந்ததாம். அக்கா தோழிகளுக்காக விளையாட்டாகச் சேர்த்த வரி அது. உள்ளே இருந்தது அவளுடைய பழைய புரோகிராம். குழாய் மடங்கினால் சில நேரம் மணியடிக்காது. அந்தக் கோளாறை அக்காவும் அந்த நாற்பது பேரும் எப்போதோ சரிசெய்துவிட்டார்கள். கம்பெனி மூலநிரலைத் தராமல் கருவிக்குள் அந்தத் திருத்தத்தைச் சேர்க்க வழியில்லை. கம்பெனிக்கு இரண்டு கடிதம் போட்டாள். பதில் இல்லை. மூன்றாவதாக வக்கீல் நோட்டீஸ் போனது.

என் கணவருக்கு அந்தக் கம்பெனியில்தான் வேலை. அது அக்காவுக்குத் தெரியும். புரோகிராமின் ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் பெயர்களும் நிபந்தனையுமாக இருந்த பதினொரு வரிகளை அழித்தவர் அவர்தான் என்பது தெரியாது. நோட்டீஸ் வந்த அன்று இவரே சொல்லும்வரை எனக்கும் தெரியாது. மேனேஜர் அழிக்கச் சொன்னாராம். நம் வீட்டு ஆள் எழுதியதுதானே, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இவர் நினைத்தாராம். ஒன்றரை வருடமாக அந்த அப்புறம் வரவேயில்லை. எனக்கு வந்த கோபத்தில் அன்று அவருக்குச் சோறு போடவில்லை.

ஆனாலும் மறுநாள் வெட்கத்தை விட்டு அக்காவிடம் போய், அழித்தது இவர்தான் என்று சொல்லி, நோட்டீஸைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்படி கெஞ்சினேன். 

“என் பேர் மட்டும்னா இப்பவே விட்டுடுவேன்டி. மத்த நாப்பது பேருக்கும் சேர்த்து நான் எப்படி மன்னிக்கிறது? அந்தப் படுக்கையில கிடக்கிறவங்களுக்கு யார் பதில் சொல்றது?”

“அப்போ நாங்க நடுத்தெருவுல நிக்கலாமா?” என்றேன். அவள் அழுதாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

நோட்டீஸுக்குப் பணிந்து கம்பெனி மூலநிரலை வெளியிட்டது. தவறு ஒரே ஓர் ஊழியருடையது என்று சொல்லி, இவரை வேலையை விட்டு நீக்கிக் கையைக் கழுவிக்கொண்டது. மேனேஜர் வாயே திறக்கவில்லை. கடைசி வாரம் இவருக்குக் கொடுத்த வேலை, இருநூறு கோப்புகளிலும் அந்த வரிகளைத் திரும்பச் சேர்ப்பது. ஒரே கட்டளையில் நிமிடத்தில் முடித்திருக்கலாம். இவர் ஒவ்வொன்றாகத் திறந்து கையால் தட்டினார். முதல் பெயர் அக்காவுடையது.

நேற்று அக்கா செய்தி அனுப்பியிருந்தாள்: “எல்லாப் படுக்கையிலும் இப்ப மணி அடிக்குது.” அவரிடம் காட்டினேன். வேலை விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தவர் இரண்டு தடவை படித்துவிட்டு, பதில் போடச் சொன்னார்.

அவள் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் இன்னும் போடவில்லை.