பதினோராம் வாரத்துக் கட்டம்

இறந்தவர்களைப் பற்றிக் குறை பேசக் கூடாதாம். நான் பேசத்தான் போகிறேன். அக்கா போய் ஆறு வாரம் ஆகிறது. என் குறைக்கு வயது முப்பத்தொன்று.

அப்போது எனக்குப் பத்தொன்பது. வெளியூரில் குழாய் வேலை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கடிதம் எழுதினேன், அக்காவுக்கு. 'ஆறு பேர் ஒரே அரையில் தங்கி இருக்கிறோம். நாலு நாளாகக் காய்ச்சல்' என்று எழுதியிருந்தேன். பதில் வந்தது. பிரித்தால் உள்ளே என் கடிதமேதான். சிவப்பு மையில் பதினான்கு சுழி. 'அரை'யை அடித்துவிட்டு மேலே 'அறை' என்று எழுதி, ஓரத்தில் 'மூன்று முறை எழுதிப் பழகு' என்று குறிப்பு. காய்ச்சலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அறை, அறை, அறை. எழுதினேன், தாள் கிழிகிற மாதிரி அழுத்தி. அதற்குப் பிறகு யாருக்கும் ஒரு கடிதம் எழுதியதில்லை.

அக்கா ஐந்தாம் வகுப்பு டீச்சர். நான் பாதியில் விட்டு ஓடி வந்ததும் அதே ஐந்தாம் வகுப்பிலிருந்துதான். அவள் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. என் கல்யாணப் பத்திரிகையை நீட்டியபோது இரண்டு இடத்தில் சுழித்துத் திருப்பிக் கொடுத்தாள். "நல்லவேளை, உங்க அக்கா பொண்ணைச் சுழிக்கல" என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள்.

வருஷா வருஷம் நீண்ட விடுமுறையில் அக்கா பழைய காலண்டர் தாள்களைப் பின்பக்கம் தெரிய ஒட்டி, போர்வை அகலத்துக்கு ஒரு பாடத்திட்டத் தாள் செய்வாள். குறுக்கே நாற்பது வாரம். கீழே ஐந்து வரிசை: தமிழ், கணக்கு, அறிவியல், சமூகம், கைவேலை. வாரத்துக்கு ஒரு பொருள்: தராசு, ஏணி, நிழல். ஐந்து பாடமும் அந்த ஒன்றிலிருந்தே தொங்க வேண்டும். "மணி அஞ்சு தடவை அடிச்சா புள்ளை தலை அஞ்சா ஆயிடுமா? இருக்கறது ஒரு தலைடா" என்பாள். ஒரு கட்டம் காலியாக இருந்தால்கூடச் சோறு இறங்காது அவளுக்கு.

இந்த வருஷம் விடுமுறை தொடங்கிய வாரமே பக்கவாதம். வலது கையும் காலும் போயின. வாய் ஒரு பக்கம் கோணியது. பேச்சு இருந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லையும் தள்ளிக்கொண்டு வர வேண்டும். எங்கள் வீட்டு முன்கட்டில் கட்டில் போட்டுக் கிடத்தினோம்.

தலைமை ஆசிரியை பார்க்க வந்தார். பள்ளியில் அவரைப் பெரிய டீச்சர் என்பார்கள்.

"நீங்க ஓய்வெடுங்க டீச்சர். அஞ்சாம் வகுப்பை நான் பார்த்துக்கறேன்."

"திட்டம்... கொடுத்துட்டா?"

"நாற்பது வாரமும் உங்க கையால எழுதிக் கொடுத்தீங்கன்னா அப்புறம் என்ன, வகுப்பு உங்களுதுதான்."

நோயாளியிடம் ஆறுதலுக்குச் சொல்கிற பேச்சு அது. எனக்கே புரிந்தது. அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு நாள் இடது கையால் முயன்றாள். ஒன்றரை வாரத்துக் கட்டங்கள்தான் நிரம்பின. எழுத்து ஒவ்வொன்றும் மிதிபட்ட பூரான் மாதிரி. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டாள்.

"பேனாவை எடு."

"நானா? பதினாலு சுழி வாங்கினவன் நான்."

அவளுக்கு என்னவென்று புரியவில்லை. "எடுடா. அந்த வகுப்பு போச்சுன்னா நான் எதுக்குடா எந்திரிக்கணும்?"

தரையில் தாளை விரித்து, குப்புறப் படுத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தேன். அவள் கட்டிலில் கிடந்தபடி சொல்லுவாள். அங்கிருந்து என் எழுத்து அவளுக்குத் தெரியாது. ஒன்பது நாள் வேலைக்குப் போகவில்லை. யார் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் ஒழுகட்டும் என்று விட்டேன்.

பதினோராம் வாரத்தில் வந்து நின்றாள். பொருள்: அரை. கணக்குக் கட்டத்துக்கு ஆப்பிள் வைத்தாள். அறிவியலுக்கு ஒன்றும் அகப்படாமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அரை இஞ்சுக் குழாய் இருக்கே" என்றேன். "ரெண்டு அரை இஞ்சுக் குழாய்ல பிடிக்கற தண்ணி ஒரு முழு இஞ்சுக் குழாய்ல பிடிக்கறதுக்குச் சமமா, சொல்லு?"

"சமம்தான்."

"நாலு வேணும் டீச்சரம்மா."

கோணிய வாயால் சிரித்தாள். எச்சில் வழிந்தது, துடைத்துவிட்டேன். "எழுதுடா, எழுது" என்றாள். ஆனால் தமிழ்க் கட்டத்துக்கு எதுவும் சிக்கவில்லை. "அரைக்கு என்னடா தமிழ்?" என்று இரண்டு நாள் முனகினாள். நாற்பது வாரத்தில் அந்த ஒரு கட்டம் மட்டும் காலியாகப் போயிற்று.

பள்ளி திறக்க இரண்டு நாள் முன்னால் என் தோளைப் பிடித்துக்கொண்டு தலைமை ஆசிரியை அறைக்கு நடந்தாள். தாளை மேசையில் விரித்தேன்.

"இடது கையாலயா டீச்சர்?" என்றார் பெரிய டீச்சர்.

அக்கா தலையை ஆட்டினாள். பொய் சொல்லி நான் அவளைப் பார்த்ததே இல்லை.

பெரிய டீச்சர் விரலை ஓட்டிக்கொண்டே வந்து பதினோராம் வாரத்தில் நின்றார். மெல்லப் படித்தார்:

"'ஒவ்வொரு பெஞ்சுக்கும் ஓர் ஆப்பிள். ஆளுக்கு ஓர் அறை கொடுக்க வேண்டும். எல்லா அறையும் சமமாக இருக்க வேண்டும். சின்ன அறை கிடைத்த பிள்ளை அழுதால் இன்னோர் அறை கொடுத்துச் சமாதானம் செய்யலாம்.'"

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "டீச்சர், கை மட்டும்தான்னு நினைச்சேன்" என்றார், குழந்தையிடம் பேசுவது போல.

அக்கா தாளையும் என்னையும் பார்த்தாள். முகம் வெளிறிப்போயிற்று. சும்மா இருந்தால் அவளைப் புத்தி கலங்கியவள் என்பார்கள். வாயைத் திறந்தால் பொய் அம்பலமாகும்.

"எழுதினது நான் டீச்சர். அஞ்சாம் வகுப்பைப் பாதியில விட்டவன். அக்கா சரியாத்தான் சொன்னா."

"அப்போ போர்டுல யார் எழுதுவாங்க? நீங்களா?"

குத்தலாகக் கேட்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. அக்கா எழுந்தாள். சுவரோரம் இருந்த கரும்பலகைக்குக் காலை இழுத்துக்கொண்டு போய், இடது கையில் சாக்பீஸை எடுத்தாள். 'அ' வந்தது. 'ர'வில் சாக்பீஸ் ஒடிந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் ஒடிந்தது. மூன்றாவதைப் பெரிய டீச்சர் அவள் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டார்.

வகுப்பு புது டீச்சருக்குப் போயிற்று. திட்டத்தையும் வைத்துக்கொண்டார்கள், பயன்படுமாம்.

மூன்று நாள் அக்கா சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். என் மனைவி, "அண்ணி, ரெண்டு வாய் கஞ்சியாவது" என்று கெஞ்சுவாள், அக்கா பல்லைக் கடித்துக்கொள்வாள். நான்காம் நாள் திரும்பினாள்.

"ஏண்டா அறைன்னு எழுதின?"

"நீ திருத்தினதுதானே? மூணு தரம் எழுதிப் பழகினேனே."

"எப்போ?"

அவளுக்கு நினைவே இல்லை. முப்பத்தொரு வருஷமாக நான் சுமந்தது அவளிடம் ஒரு துளிகூட இல்லை. பீரோவைக் குடைந்து, மடிப்பில் பிய்ந்திருந்த அந்தக் கடிதத்தை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தேன். நெடுநேரம் படித்தாள்.

"காய்ச்சலாடா இருந்துது?"

"இப்பக் கேளு."

"பாவி. பாதிதான் சொல்லிக் கொடுத்திருக்கேன்" என்றாள். கண்ணீர் ஒரு பக்கமாகவே வழிந்தது. "ரெண்டையும் எழுதிக் காட்டியிருக்கணும்." கடிதத்தை இடது கையால் தள்ளிவிட்டு, "அந்தத் தமிழ்க் கட்டம் காலியாத்தானே இருக்கு?" என்றாள்.

பள்ளி திறந்த நான்காம் வாரம் மறுபடி வந்த பக்கவாதம் அவளைக் கொண்டுபோய்விட்டது. நாளை மறுநாள் திங்கள்கிழமை, பதினோராம் வாரம். அவள் என்னிடம் கடைசியாகக் கேட்டதை அவள் சொன்னபடியே இங்கே எழுதிவைக்கிறேன்.

"புது டீச்சர்கிட்ட சொல்லி வை, அந்தக் கணக்குக் கட்டத்தைத் திருத்த வேண்டாம்னு. அந்த வாரம் நீ போ. வேலைத் துணியோட போய் நிக்காதே, சட்டை மாத்திக்கோ. நாலு அரை இஞ்சுக் குழாய், ஒரு முழு இஞ்சுக் குழாய், எல்லாம் ஒரே நீளமா வெட்டி, அடியை அடைச்சு எடுத்துட்டுப் போ. தண்ணி ஊத்திக் காட்டு. அப்புறம் தமிழ்க் கட்டத்துக்கு, நான் சொல்லி நீ எழுதினதைப் புள்ளைங்களைப் படிக்கச் சொல்லு. சிரிக்கும். சிரிச்சு முடிக்கட்டும். இதை எழுதினது நீதான்னு சொல்லிட்டு, சிவப்புப் பேனாவை அதுங்க கையில கொடு."