சாட்டைத்தேளும் இட்லி மாவும்

2007 நவம்பர் 14, புதன்கிழமை, காலை 7.20. தூறல், மலையின் பாதி மேகத்துக்குள். குழாயில் படிந்த உப்புக்கறையைத் தேய்க்க என் மனைவி வினிகர் பாட்டிலைத் திறந்தாள். நான் வாசலுக்கு ஓடினேன். மூன்று முறை துப்பினேன். அந்த நெடி உங்களுக்கு ஊறுகாயை நினைவூட்டலாம். எனக்குச் சாட்டைத்தேள்.

1996இல் வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடிபோனபோது சுற்றிலும் இருபத்திரண்டு காலி மனைகள், எல்லாம் கல்லும் முள்ளும். மழை பெய்தால் சாட்டைத்தேள் கல்லுக்கடியிலிருந்து வீட்டுக்குள் வரும். ஈர டயர் போலக் கறுத்த உடம்பு, முன்னால் இடுக்கி போலத் தடித்த கொடுக்கு இரண்டு, சோற்றில் கிடக்கும் தலைமுடி மாதிரி ஒரு வால். கால்களை எண்ணினேன்: எட்டு. நடப்பதோ ஆறில்தான். முன்னங்கால் இரண்டும் நூலாக நீண்டு, இருட்டில் சுவிட்சைத் தேடும் விரல்களைப் போலத் தடவிக்கொண்டே வரும். ஒருமுறை குளியலறையில் தாய் ஒன்று முதுகு நிறைய வெள்ளைக் குஞ்சுகளோடு நின்றது. பதினேழு வரை எண்ணினேன். அதற்குமேல் எண்ணாமல் கதவைச் சாத்திவிட்டேன்.

அந்த வருட ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். அவள் விலங்கியல் படித்தவள். அதற்குமுன் இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. அவர்கள் ஆட்டோ தெருமுனையில் திரும்பும்போது சோபாவுக்கடியிலிருந்து ஒன்று வந்தது. செருப்பால் அடித்தேன். சரியாகப் படவில்லை. பின்பக்கத்தைத் தூக்கி என் சட்டையில் பீச்சிவிட்டு மறுபடி உள்ளே ஓடிவிட்டது. கூடமெல்லாம் புளித்த நெடி. இஸ்திரி போட்ட வேறு சட்டை இல்லை.

மாப்பிள்ளையின் அம்மா மூக்கைச் சுளித்தார். "என்னங்க, ஏதோ புளிச்ச வாடை வருது?"

புது வீட்டில் தேள் என்று எப்படிச் சொல்வது? "இட்லி மாவுங்க. புழுக்கம் ஜாஸ்தி, பொங்கிடுச்சு" என்றேன்.

"சட்டையிலயா சார் கரைச்சீங்க?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளைப் பையனும்.

இரண்டாவது தட்டு பஜ்ஜி வந்தபோது அதுவும் வெளியே வந்தது. தடவித் தடவிப் போய் அந்த அம்மாவின் கால்விரலைத் தொட்டது. "ஐயோ, தேளு!" அவர் சோபாமேல் ஏறி நின்றுவிட்டார்.

என் மகள் காபித் தட்டை வைத்துவிட்டு அதை முறத்தில் அள்ளினாள். "பயப்படாதீங்க, இது சாட்டைத்தேள். கொட்டாது, விஷம் கிடையாது. கரப்பான்பூச்சியத் தின்னும். அடிச்சா மட்டும் ஆசிட் பீச்சும். அப்பா மேல அடிக்கிறது அந்த வாடைதான்."

அந்த அம்மா மெதுவாக இறங்கி உட்கார்ந்தார். "அப்போ மாவு?"

நான் பஜ்ஜிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் தரகர் வந்தார். "பூச்சி பத்தி ஒண்ணும் இல்லீங்களாம். பொண்ணையும் புடிச்சிருக்காம். வந்து உக்காந்ததும் பொய் சொல்ற வூட்ல எப்படிப் பொண்ணு எடுக்கறதுனு கேக்கறாங்க."

மகளுக்கும் அந்தப் பையனைப் பிடித்திருந்தது என்று மனைவி பிறகுதான் எனக்குச் சொன்னாள். அடுத்த வரன் அமைய நான்கு வருடம் ஆயிற்று.

இப்போது இருபத்திரண்டு மனைகளிலும் வீடு. கல்லெல்லாம் அஸ்திவாரத்துக்குள் போய்விட்டது. ஏழு வருடமாக ஒரு சாட்டைத்தேளும் கண்ணில் படவில்லை. ஒழிந்தது சனியன்.

மகளின் நான்கு வருடத்தை எப்படிக் கூட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைய மற்ற செலவைக் கூட்டி வைத்திருக்கிறேன்: பஜ்ஜி, கேசரி, காபி, பூ, தூக்கியெறிந்த சட்டை, ஆக இருநூற்றுத் தொண்ணூற்றேழு ரூபாய்.