ஒற்றைச் சில்லு

வாகீசனுக்கு ஓரிடத்தில் சும்மா இருக்கத் தெரியாது. மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போதுகூடக் கால் ஆடிக்கொண்டே இருக்கும். நாற்பது வயதில், ஒரே சக்கரம் உள்ள ஒற்றைச் சில்லுச் சைக்கிள் ஓட்டும் வீதி வித்தைக்காரன் ஒருவனைக் கைபேசியில் பார்த்தான். அடுத்த நாளே தன் பழைய சைக்கிளைச் சைக்கிள் திருத்தும் கடையில் கொண்டுபோய்க் கொடுத்து, வெட்டி ஒட்டுவித்து, அதேமாதிரி ஒன்று செய்வித்தான்.

பின்னேரங்களில் கொக்குவில் ஒழுங்கையின் மதில்களைப் பிடித்துப் பிடித்துப் பழகினான். உள்ளங்கை உரஞ்சிப் புண்ணாயிற்று.

"சனம் சிரிக்குது. உது என்னத்துக்கு உங்களுக்கு?" என்றாள் மனைவி கஜந்தினி.

"இதிலை சும்மா நிண்டால் விழுந்திடுவன். அதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு."

ஒருநாள் துணிந்து றோட்டுக்கே வந்துவிட்டான். கஜந்தினி தன் சைக்கிளில் பின்தொடர்ந்தாள். றெயில் கடவையில் கேற் பூட்டியிருந்தது. பிடிக்க மதில் இல்லை. இறங்க மனமும் வரவில்லை. கைகளை விரித்து, பெடலை முன்னும் பின்னுமாக ஆட்டி, நின்ற இடத்திலேயே தத்தளித்தான். பழகும்போது ஒருநாளும் அவனுக்குச் சரிவராத வித்தை அது. காத்து நின்றவர்கள் எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

"விழுந்திடாதேங்கோ, றெயில் வந்திட்டுது," என்றாள் கஜந்தினி மெல்ல.

றெயில் போனது, கேற் திறந்தது. அவன் விழவில்லை. தண்டவாளத்தைத் தாண்டியதும் வீட்டுக்குத் திரும்புவதாகத்தான் பேச்சு. அவன் திரும்பவில்லை.

"எங்கை போறியள்?"

"தெரியேல்லை, வாரும்!" என்று கத்திக்கொண்டு கோண்டாவில் பக்கம் மிதித்தான். கஜந்தினி ஒருகணம் நின்றாள். பிறகு அவளும் மிதித்தாள்.