துரை பிடித்த கானாங்கோழி

ஐம்பதுகளின் நடுவில், இலங்கை மலையகத்தில் நோர்வூட்டுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கிளாக்கராக வேலை பார்த்தபோது, அதை நடத்திய வெள்ளைக்காரப் பெரிய துரைக்குப் பறவைப் பித்துப் பிடித்தது. அதற்கு முந்தைய பித்து ரோஜாச் செடி. அதற்கும் முந்தையது துப்பாக்கி. சுட்டுச் சுட்டுக் காலி செய்த அதே சதுப்பில், இப்போது கேமராவோடு போய் உட்கார்ந்து பறவைகள் குறைந்துவிட்டதாக வருத்தப்பட்டார்.

பன்னிரண்டாம் நம்பர் மலைக்கும் ஆற்றுக்கும் நடுவில் கிடந்த பள்ளம் அது. தேயிலை வராது என்பதால் யாருக்கும் வேண்டாத இடம். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் மாடு வைத்திருந்தவர்கள் மட்டும் அங்கே புல் அறுப்பார்கள். தை மாதப் பனியில் மேட்டுப் புல்லெல்லாம் கருகிப்போகும். பச்சை மிஞ்சுவது அந்தப் பள்ளத்தில்தான்.

அந்தத் தையில் துரை அதைப் பறவைகளின் புகலிடம் ஆக்கினார். அவர் தேடியது கானாங்கோழி இனத்தில் ஒன்று. வடக்கே எங்கிருந்தோ பனிக்காலத்துக்கு மட்டும் வந்து, தின்றுவிட்டுத் திரும்பிப் போகும். அதனிடம் யாரும் பிரஜாவுரிமைப் பத்திரம் கேட்கவில்லை. தலைமுறை தலைமுறையாக அங்கேயே கொழுந்து பறித்தவர்களிடம் அரசாங்கம் அதைக் கேட்டுக்கொண்டிருந்த காலம்.

சாக்காலும் மானாப் புல்லாலும் ஒரு மறைவிடம் கட்டி, துரை தினமும் காலையில் அதற்குள் குந்துவார். லயத்தில் அதற்குத் 'தொரை கூடு' என்று பெயர். கோழி வெளியே திரிந்தது. துரை கூட்டுக்குள் இருந்தார். சுருட்டை அணைக்கமாட்டார், இருமலையும் அடக்கமாட்டார். ஆனாலும் கோழி வராததற்குப் புல் அறுப்பவர்களே காரணம் என்று கண்டுபிடித்தார்.

ஒரு நாள் காலைப் பெரட்டில், ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் நேரத்தில், புத்தகத்தில் படித்த தமிழில் அறிவித்தார்:

"நான் கோழி பிடிக்கிற வரைக்கும் ஒரு ஆளும் அங்கே போகக் கூடாது!"

'படம்' என்ற சொல்லை விட்டுவிட்டார். துரையின் தமிழைத் திருத்துவதற்கு எனக்குச் சம்பளம் இல்லை.

கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். அவளுடைய மாடு அப்போதுதான் கன்று போட்டிருந்தது.

"ஏங்க கிளாக்கரய்யா, ஒரு கோழி பிடிக்கவா தொரை இத்தன நாளா குந்தியிருக்காரு?"

"ஆமா."

"பிடிச்சிட்டா நாங்க புல்லு அறுக்கலாங்களா?"

"தொரை அப்படித்தானே சொன்னாரு."

"அப்ப சரிங்க. மாடு காஞ்சு போச்சு. கன்னுக்கே பால் எறங்கல."

இரண்டு நாள் கழித்து, கையெழுத்து வாங்கச் சதுப்புக்குப் போனேன். கூட்டுக்கு நேர் எதிரே, ஒரு முளையில் கானாங்கோழி கட்டப்பட்டு நின்றது. அந்தப் பெண்தான் மாட்டு வால் மயிரில் கண்ணி வைத்துப் பிடித்து, காலில் நூல் போட்டிருந்தாள். பக்கத்தில் கைகட்டி நின்றாள்.

"பிடிச்சாச்சுங்க தொரை."

துரையின் முகம் பீட்ரூட் ஆனது. இங்கிலீஷில் அவர் சொன்னதை நான் மொழிபெயர்க்கவில்லை. பிறகு கோழியைப் பார்த்தார். நல்ல வெயில். என்னைப் பார்த்தார். குனிந்து, கொஞ்சம் புல்லை இழுத்து நூலை மறைத்துவிட்டுக் கூட்டுக்குள் போனார். பிலிம் தீரும்வரை வெளியே வரவில்லை. வந்து தம் கையாலேயே கோழியை அவிழ்த்துவிட்டார்.

"புல்லு அறுக்கலாங்களா தொரை?"

"நோ புல்! இது புகலிடம்!"

படம் பெரிதாக்கப்பட்டு கிளப் சுவரில் ஏறியது. அதைக் கண்டு மயங்கிய பக்கத்துத் தோட்டத்துக் கிழட்டுத் துரை, ஒரு ஞாயிற்றுக்கிழமை சதுப்பைப் பார்க்க வந்தார். அவர் பேசும் தமிழைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், லயத்து ஆள் என்றே நினைக்கத் தோன்றும். வழி நெடுக எங்கள் துரை, வாரக்கணக்காக மூச்சை அடக்கிக் காத்திருந்ததையும், இயற்கையில் கை வைக்காத தம் கொள்கையையும் விளக்கிக்கொண்டே வந்தார். நான் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நடந்தேன்.

சதுப்பின் ஓரத்தில் அவள் நின்றாள். இருவருக்கும் சலாம் வைத்தாள்.

"தொரை, அந்தக் கோழிக்கு நாங் கட்டுன நூலு ரொம்ப இறுக்கிடுச்சுங்களா? இந்தத் தொரைக்கும் ஒண்ணு வேணும்னா சொல்லுங்க, பதமா கட்டித் தாறேன்."

"என்ன நூலு?" என்றார் கிழட்டுத் துரை, சுத்தமான தமிழில்.

"புல்லு! அவ புல்லு கேக்குது!" என்று எங்கள் துரை குறுக்கே பாய்ந்தார். "வெட்டு! இன்னைக்கே வெட்டு!"

"கும்புடுறேனுங்க," என்றாள். அரிவாள் ஏற்கெனவே இடுப்பில் இருந்தது.

மறுநாள் பெரட்டில் வாசிக்கச் சொல்லி துரை எனக்கு ஓர் அறிவிப்பை எழுதிக் கொடுத்தார். உயர்ந்த புல் பறவைகளின் நடமாட்டத்துக்குத் தடையாக இருப்பது ஆராய்ச்சியில் தெரியவந்துள்ளது. ஆகவே பறவைகளின் நலன் கருதி, தொழிலாளர்கள் தினமும் புல் அறுத்து உதவ வேண்டும். முகத்தில் ஒன்றும் தெரியாமல் வாசித்து முடித்தேன்.

"கோழி நடக்க எம்புட்டு அகலத்துக்குங்க அறுக்கணும்?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "மாடு நடக்குற அகலத்துக்கு."